பரிசா, கப்பமா?

கல்யாண மண்டபத்துக்குள் சீர்த்தட்டுகள் வரிசையாக வருகின்றன. கொண்டு வருகிறவர்கள், "எங்க பிள்ளைக்கு நாங்க ஆசைப்பட்டுச் செய்யறோம்" என்கிறார்கள். வாங்குகிற பக்கத்தில் ஒரு பெரியம்மா தட்டுகளை மெல்ல எண்ணுகிறார். ஒன்பதா, பதினொன்றா? மூத்தவன் கல்யாணத்துக்கு வந்தது எத்தனை? ஒரு வீட்டுக்கு அது அன்பு. இன்னொரு வீட்டுக்கு வரவேண்டிய பாக்கி. இரண்டு வீட்டாரும் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. திறந்தால் நல்ல காரியம் கெட்டுப்போகும் என்று இருவருக்குமே தெரியும்.

இந்த வாரக் கதையிலும் சீர்வரிசை உண்டு. ஆனால் தட்டில் இருந்தவை வேறு: சேபிள் என்ற சிறு விலங்கின் விலை உயர்ந்த தோல், வேட்டைக்குப் பழக்கிய வல்லூறு, வால்ரஸ் தந்தம், பணம். அனுப்பியவர் மாஸ்கோவின் அரசர். பெற்றவர் கிரைமியாவை ஆண்ட தாத்தார் கான். 15ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கி 1700 வரை, நடுவில் சண்டை வந்து நின்றுபோன காலங்கள் தவிர, இந்தச் சீர் போய்க்கொண்டே இருந்தது. 200 ஆண்டுகளுக்கும் மேலாக அதைக் கொடுத்தவர் ஒரு பெயரிட்டு அழைத்தார், வாங்கியவர் வேறு அர்த்தத்தில் எடுத்துக்கொண்டார்.

கிரைமியா என்ற பெயரைச் சில ஆண்டுகளாக நாம் செய்திகளில் அடிக்கடி கேட்கிறோம். கருங்கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் அந்தத் தீபகற்பத்தில் 15ஆம் நூற்றாண்டின் நடுவில் ஓர் அரசு எழுந்தது. அதை ஆண்டவர்கள் கிராய் என்ற குடும்பத்தார். துருக்கிய மொழி பேசிய முஸ்லிம்கள், செங்கிஸ்கானின் வழித்தோன்றல்கள். செங்கிஸ்கானின் பேரன்கள் காலத்தில் எழுந்த பொன் ஓர்டா என்ற பேரரசு துண்டு துண்டாக உடைந்தபோது அதில் ஒரு துண்டுதான் கிரைமிய கானரசு. 1475இல் ஒட்டோமான் துருக்கியர் கிரைமியாவின் தென்கரைத் துறைமுகங்களைப் பிடித்தார்கள். அதன் பிறகு கான் இஸ்தான்புல் சுல்தானின் மேலாதிக்கத்தின் கீழ் வந்தார். ஆனாலும் மாஸ்கோவுடனும் போலந்துடனும் தானே தூதர்களை அனுப்பிப் பேசும் உரிமை அவரிடம் இருந்தது.

வடக்கே மாஸ்கோ. வடமேற்கே போலந்தும் லித்துவேனியாவும். நடுவில் யாருடைய கோட்டையும் இல்லாத பெரும் புல்வெளி. மூன்று பேர் ஆடும் ஆட்டம் இது. எந்த இருவர் கைகோத்தாலும் மூன்றாமவருக்கு ஆபத்து. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும்.

இரண்டு அரசர்கள், ஒரு கல்வாசல்

1480இல் மாஸ்கோவின் மூன்றாம் இவானும் கிரைமியாவின் மெங்லி கிராயும் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். உன் நண்பன் எனக்கும் நண்பன், உன் பகைவன் எனக்கும் பகைவன் என்பதே அதன் சாரம். கடிதங்களில் இருவரும் ஒருவரை ஒருவர் சகோதரர் என்று அழைத்துக்கொண்டார்கள். இது சாதாரண மரியாதைச் சொல் இல்லை. 200 ஆண்டுகளுக்கும் மேலாக ஓர்டாவின் கான்களுக்குக் கப்பம் கட்டிவந்த குடும்பம் இவானுடையது. செங்கிஸ்கான் வழிவந்த ஒருவர் அவரைச் சகோதரர் என்று எழுதியதில் இவானுக்கு எவ்வளவு பெருமை இருந்திருக்கும்!

அதே ஆண்டு, ஓர்டாவின் எஞ்சிய பெரும் பகுதியை ஆண்ட அகமது கான் மாஸ்கோ மேல் படையெடுத்து வந்தார். உக்ரா ஆற்றின் இரு கரையிலும் இரண்டு படைகளும் வாரக்கணக்கில் முறைத்துக்கொண்டு நின்றன. அகமது கான் எதிர்பார்த்த உதவி போலந்து, லித்துவேனியா அரசர் காசிமிரிடமிருந்து வரவில்லை. மெங்லி கிராயின் குதிரைப்படை காசிமிரின் தென் எல்லையைத் தாக்கியது அதற்கு ஒரு காரணம். அகமது கான் பெரிய போர் எதுவும் இல்லாமலே திரும்பிப் போனார். மாஸ்கோ தப்பியது.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1482இல், இவானின் விருப்பப்படி மெங்லி கிராய் லித்துவேனியாவின் ஆட்சியிலிருந்த கீவ் நகரைத் தாக்கி எரித்தார். அங்குள்ள புனித சோபியா தேவாலயத்திலிருந்து எடுத்த பொற்கிண்ணத்தையும் தட்டையும் மாஸ்கோவுக்குப் பரிசாக அனுப்பினார். மாஸ்கோவுக்கும் கிரைமியாவுக்கும் இருந்த நட்பின் விலையைக் கீவ் மக்கள் கொடுத்தார்கள். அவர்கள் எந்த உடன்படிக்கையிலும் கையெழுத்திடவில்லை. வீடு எரிந்தது அவர்களுக்குத்தான்.

இந்த நட்பு ஓர் அழகான பொருளையும் விட்டுச் சென்றிருக்கிறது. மாஸ்கோவில் தேவாலயங்கள் கட்டுவதற்காக இவானின் தூதர்கள் இத்தாலியிலிருந்து கட்டடக் கலைஞர்களை அழைத்து வந்தார்கள். வழி கிரைமியா. வந்தவர்களில் அலெவிஸ் என்பவரை மெங்லி கிராய் தன்னிடம் சில காலம் நிறுத்திக்கொண்டு, தன் அரண்மனைக்கு ஒரு கல்வாசல் செய்யச் சொன்னார். இத்தாலியப் பாணியில் கொடியும் பூவும் செதுக்கி, மேலே அரபு எழுத்தில் கானின் பெயர் பொறித்த அந்த வாசலின் ஆண்டு 1503. வேலை முடிந்ததும், இவர் நல்ல கலைஞர் என்று புகழ்ந்து ஒரு பரிந்துரைக் கடிதத்தோடு மாஸ்கோவுக்கு வழியனுப்பி வைத்தார் கான். அதே அலெவிஸ் கிரெம்ளினில் 1505 முதல் 1508 வரை கட்டியதுதான் மாஸ்கோ அரசர்களின் அடக்கத்தலமான ஆர்க்காஞ்சல் தேவாலயம். கிரைமியாவின் பக்சிசராய் அரண்மனையில் இன்றும் நிற்கும் அந்த வாசலுக்கும் கிரெம்ளினின் அந்தத் தேவாலயத்துக்கும் ஒரே கை.

இரண்டு மகன்களின் தாய்

மெங்லி கிராயின் அரசியருள் நூர் சுல்தான் என்பவரைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை முழுமை பெறாது. இவர் முன்பு வோல்கா ஆற்றங்கரையில் இருந்த இன்னொரு தாத்தார் அரசான கசானின் அரசியாக இருந்தவர். அங்கே கணவர் இறந்த பிறகு மெங்லி கிராயை மணந்து கிரைமியா வந்தார். கசானில் பிறந்த மகன்கள் இருவர்: முகம்மது அமீன், அப்துல் லத்தீஃப். இருவரின் வாழ்க்கையும் மாஸ்கோவின் கையில் சிக்கியிருந்தது.

1487இல் மாஸ்கோ படை கசானைப் பிடித்து முகம்மது அமீனைச் சிம்மாசனத்தில் ஏற்றியது. பிறகு அவர் பதவி இழந்தார். தம்பி அப்துல் லத்தீஃபை மாஸ்கோ கானாக்கியது. 1502இல் அவரை இறக்கி வடக்கே குளிர் மிகுந்த பெலோசெரோவுக்கு அனுப்பிச் சிறைவைத்தது. அண்ணன் மறுபடியும் கான் ஆனார். அரசர்களின் கணக்கில் இவர்கள் விருந்தாளிகளும்தான், பிணைக்கைதிகளும்தான். அந்த இரண்டு சொற்களுக்கும் நடுவில் எங்கோ ஒரு தாய் தன் பிள்ளைகளைத் தேட வேண்டியிருந்தது.

நூர் சுல்தான் இவானுக்குக் கடிதம் எழுதினார். இவான் இறந்த பிறகு அவர் மகன் மூன்றாம் வசிலிக்கும் எழுதினார். மாஸ்கோவும் அவருக்குத் தனியே கடிதமும் பரிசும் அனுப்பியது. கானின் காதில் விழ வேண்டிய சேதிக்கு அரசியின் வாசல்தான் நல்ல வழி என்று மாஸ்கோ தூதர்களுக்குத் தெரிந்திருந்தது. 1508இல் அப்துல் லத்தீஃப் விடுதலையாகி, வாழ ஓர் ஊரும் பெற்றார்.

1510இல் நூர் சுல்தானே பயணம் புறப்பட்டார். கிரைமியாவிலிருந்து மாஸ்கோ ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல். வசிலி அவரை மிகுந்த மரியாதையோடு வரவேற்றார். மாஸ்கோவில் இளைய மகனைப் பார்த்தார். கசானுக்குப் போய் மூத்த மகனைப் பார்த்தார். மறு ஆண்டு மாஸ்கோ வழியாகத் திரும்பினார். 1505இல் முகம்மது அமீன் மாஸ்கோவை எதிர்த்துக் கிளம்பி, கசானில் இருந்த ரஷ்ய வணிகர்கள் கொல்லப்பட்டு, போரும் நடந்து முடிந்திருந்த காலம் அது. அந்தப் பகைக்கு மேல் ஒரு வயதான பெண் இரண்டு நகரங்களுக்கும் போய் வந்தார். மாஸ்கோவுக்கும் கசானுக்கும் இடையே சமாதானம் உறுதிப்பட்டதில் அந்தப் பயணத்துக்கும் பங்கு உண்டு.

என் கண்ணுக்கு இந்தக் காலத்தின் மிகச் சிறந்த தூதர் இவர்தான். பதவியின் பெயர் தூதர் இல்லை, அவ்வளவே. நம் குடும்பங்களில் பங்காளிச் சண்டை முற்றும்போது, இரண்டு வீட்டிலும் உட்கார்ந்து சாப்பிடக்கூடிய ஓர் அத்தையோ பாட்டியோ இருந்தால் அந்தச் சண்டை நீதிமன்றப் படி ஏறாது. அப்படி ஒருவர் இல்லாமல் போகும்போதுதான் அவருடைய அருமை தெரியும்.

நினைவுப் பொருள் என்று ஒரு சொல்

இனி சீர்த்தட்டுக்கு வருவோம். மாஸ்கோ தான் அனுப்பியதைப் பொமின்கி என்று அழைத்தது. போலந்துக்காரர்கள் உபொமின்கி என்றார்கள். இரண்டுமே நினைவு என்ற வேரிலிருந்து வரும் சொற்கள். நினைவுப் பொருள், அன்பளிப்பு என்ற அர்த்தம். உங்களை மறக்கவில்லை, அதனால் அனுப்புகிறோம் என்பதாக. ஆனால் கானின் அவையில் அது அன்பளிப்பாக இருக்கவில்லை. ஓர்டாவின் வாரிசு என்ற முறையில் தனக்குச் சேர வேண்டிய கருவூலம் அது.

யார் யாருக்கு எவ்வளவு என்று பட்டியலே இருந்தது. கானுக்கு, அவருக்கு அடுத்த இடத்தில் இருந்த கல்கா என்ற இளவரசருக்கு, அதற்கடுத்த நுரெத்தினுக்கு, அரசியருக்கு, குலத் தலைவர்களான பேக்களுக்கு, அதிகாரிகளுக்கு. ஒருவர் பெயர் விட்டுப்போனால் வம்பு. போன முறையைவிட ஒரு தோல் குறைந்தால் வம்பு. 17ஆம் நூற்றாண்டில் பரிசு குறைந்தது என்பதற்காக மாஸ்கோ தூதர்கள் அடித்துத் துன்புறுத்தப்பட்ட சம்பவங்களும் உண்டு. அந்தப் பெரியம்மா தட்டை எண்ணியதெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

இவ்வளவு பேருக்கு ஏன் கொடுக்க வேண்டும்? கானால் மட்டும் சமாதானத்தைக் காப்பாற்ற முடியாது என்பதுதான் காரணம். ஷிரின் போன்ற பெரிய குலங்களின் தலைவர்களும், புல்வெளியில் திரிந்த நொகாய் தலைவர்களும் தாங்களாகவே படை கிளப்பி எல்லையைத் தாண்டக்கூடியவர்கள். கான் ஒப்புக்கொண்டும் அவர்கள் ஒப்புக்கொள்ளாவிட்டால் ஓலைக்கு மதிப்பில்லை. ஆகவே கையெழுத்துப் போடுகிறவருக்கு மட்டுமல்லாமல், உடன்பாட்டை உடைக்கக்கூடிய ஒவ்வொருவருக்கும் அதில் ஏதாவது ஒரு நன்மை இருக்க வேண்டியிருந்தது. அலுவலகத்தில் ஒரு திட்டத்துக்கு மேலாளரிடம் மட்டும் ஒப்புதல் வாங்கிவிட்டு, வேலை செய்யப்போகிறவர்களைக் கேட்காமல் விட்டவர்களுக்கு இது நன்றாகவே புரியும்.

சொல்லை இப்படி இரண்டாகப் படிக்கும் கலை காகிதத்திலும் நடந்தது. 1507இல் மெங்லி கிராய் லித்துவேனியாவுக்கும் போலந்துக்கும் அரசரான சிகிஸ்முந்துக்கு ஒரு யார்லிக், அதாவது அரச சாசனம், அனுப்பினார். அதில் பல நகரங்களை அவருக்கு அருளியிருந்தார். நோவ்கோரோதும் அதில் ஒன்று. அந்த நகரம் 1478 முதல் மாஸ்கோவின் கையில் இருந்தது! கானைப் பொறுத்தவரை ஓர்டாவின் நிலம் அத்தனையும் கொடுக்கத் தனக்கு உரிமை உண்டு. சிகிஸ்முந்தைப் பொறுத்தவரை, தன் நிலத்தைத் தனக்கே ஒருவர் அருள்கிறார் என்று வாதாடி நட்பை இழப்பதைவிட, மாஸ்கோவுக்கு எதிராக ஒரு காகிதம் கையில் இருப்பது நல்லது.

நம் பக்கத்திலும் இப்படி ஒன்று இருந்தது. கெடா, கிளந்தான், திரங்கானு அரசர்கள் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை சயாமுக்குப் புங்கா மாஸ் அனுப்பினார்கள். தங்கத்திலும் வெள்ளியிலும் செய்த சிறு மரங்கள். பாங்காக்கில் அது பணிந்தவர் கட்டும் திறை. கெடாவில் அது நட்பின் அடையாளம். 1909இல் பிரிட்டனும் சயாமும் செய்த உடன்படிக்கையோடு அந்த வழக்கம் முடிந்தது. மலாய் அரசர்களைக் கேட்டு அது முடிவாகவில்லை.

ஒரே நேரத்தில் கைமாறுவது

நம்பிக்கை இல்லாத இருவர் எப்படித் தூதர்களை அனுப்புவது? என் ஆள் உன் ஊரில் சிறைபட்டால் என்ன செய்வது? இதற்கு 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஒரு வழி கண்டார்கள். எல்லையில் ஓர் இடம். முதலில் லிவ்னி, பின்னாளில் வலூய்கி. ஒரு பக்கம் மாஸ்கோவின் பெரிய அதிகாரி, இன்னொரு பக்கம் கானின் பேக். இரு தரப்பிலும் படை. கிரைமியாவுக்குப் போகும் புதிய தூதரும் கிரைமியாவிலிருந்து திரும்பும் பழைய தூதரும் அங்கே வருவார்கள். அதேபோல மாஸ்கோவுக்குப் போகிறவரும் திரும்புகிறவரும். எல்லாரும் ஒரே நேரத்தில் கைமாறுவார்கள். பரிசுகளும் அங்கேதான் கைமாறின. விலை கொடுத்து மீட்கப்பட்ட கைதிகளும் அங்கேதான் திரும்பி வந்தார்கள்.

பிறகு சத்தியம். கான் குர்ஆன் மேல் உறுதி கூறுவார். மாஸ்கோ அரசர் சிலுவையை முத்தமிடுவார். அவரவர் எதற்கு அஞ்சுகிறார்களோ அதன் மேல் சத்தியம் கேட்பதுதானே நியாயம்? எதிரியின் மதத்தை மாற்ற யாரும் முயலவில்லை. அவன் மதத்தில் அவன் உண்மையாக இருந்தால் போதும் என்றார்கள்.

இந்த ஏற்பாடுகள் எப்போதும் பலித்தன என்று சொல்ல மாட்டேன். 1571இல் தெவ்லெத் கிராய் கானின் படை மாஸ்கோவுக்குத் தீ வைத்தது. 1591இல் இரண்டாம் காசி கிராய் மாஸ்கோ வாசல் வரை வந்து திரும்பினார். ஆனால் அதே காசி கிராய் 1594இல் மாஸ்கோவுடன் சமாதான உறுதி செய்தார். இவர் கவிஞர். பாரசீகச் சிறையில் பல ஆண்டுகள் இருந்து தப்பியவர். மூன்று ஆண்டில் மனம் எப்படி மாறியது? 1593இல் சுல்தானுக்கும் ஆஸ்திரியாவின் ஹாப்ஸ்பர்க் அரசுக்கும் ஹங்கேரியில் பெரும் போர் மூண்டது. கான் தன் படையோடு அங்கே போக வேண்டியிருந்தது. முதுகுப்பக்கம் அமைதி வேண்டும். மாஸ்கோவுக்கோ கோட்டைகள் கட்ட அவகாசம் வேண்டும். இருவருக்கும் ஒரே சமயத்தில் அமைதி தேவைப்பட்டது.

பட்டியலில் இல்லாதவர்கள்

இதுவரை சொன்னது அரசர்கள் கதை. இனி சொல்வதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

கிரைமியாவின் பொருளாதாரத்தில் ஒரு பெரிய பங்கு அடிமை வணிகம். எல்லை கடந்து வந்த குதிரைப்படை உக்ரைன், ரஷ்யக் கிராமங்களில் மக்களைப் பிடித்துச் சென்றது. ஒட்டோமான் துறைமுகமான காஃபாவின் சந்தையிலிருந்து அவர்கள் கப்பலேற்றப்பட்டார்கள். 17ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் மட்டும் மாஸ்கோ ஆட்சிப் பகுதியிலிருந்து 1,50,000 முதல் 2,00,000 பேர் வரை பிடிபட்டிருக்கலாம் என்பது ரஷ்ய வரலாற்றாசிரியர் நோவோசெல்ஸ்கியின் மதிப்பீடு. கொசாக் படைகளும் சும்மா இருக்கவில்லை. அவர்களும் படகில் வந்து தாத்தார் ஊர்களைச் சூறையாடி ஆட்களைப் பிடித்துப் போனார்கள். 1616இல் சகைதாச்னி தலைமையில் கொசாக்குகள் காஃபாவையே தாக்கி அங்கிருந்த அடிமைகளை விடுவித்தார்கள்.

பிடிபட்டவர்களை மீட்க மாஸ்கோவில் ஒரு தனி வரி இருந்தது. 1649இல் வந்த பெரிய சட்டத் தொகுப்பில் அதற்கென்றே ஓர் அத்தியாயம். நாட்டு மக்கள் எல்லாரும் அந்த வரியைக் கட்ட வேண்டும். யாருக்கு எவ்வளவு மீட்புப் பணம் என்றும் அதில் எழுதியிருக்கிறது. மாஸ்கோ துப்பாக்கி வீரனுக்கு 40 ரூபிள். எல்லைக் காவல் கொசாக்குக்கு 25. நகரவாசிக்கு 20. உழவனுக்கு 15. அந்தப் பட்டியலைப் படிக்கும்போது எனக்கு இரண்டு எண்ணம் ஒன்றாக வருகிறது. காணாமல் போன ஓர் ஏழை உழவனை மறக்காமல் நாடே சேர்ந்து பணம் கட்டியது என்ற வியப்பு ஒன்று. அவன் உயிருக்கும் கடைசி வரிசையில்தான் இடம் என்ற வருத்தம் இன்னொன்று.

அதே 1649, ஆகஸ்டு மாதம். உக்ரைனில் ஸ்போரிவ் என்ற ஊருக்கு அருகே போலந்தின் புதிய அரசர் யான் கசிமியர் படையோடு வளைக்கப்பட்டார். எதிரே கொசாக் தலைவர் போஹ்தான் க்மெல்னித்ஸ்கியும் அவருக்குத் துணையாக வந்த மூன்றாம் இஸ்லாம் கிராய் கானும். தோல்வி உறுதி என்ற நிலையில் அரசர் தரப்பு கானுக்கு ஒரு கடிதம் அனுப்பியது. இளவயதில் இஸ்லாம் கிராய் போலந்தில் கைதியாக இருந்தவர். அவரை விடுவித்தவர் இந்த அரசரின் அண்ணன். அந்தப் பழைய நன்றியைக் கடிதம் நினைவூட்டியது.

கானுக்கு வேறொரு கணக்கும் இருந்தது. போலந்து அடியோடு விழுந்தால் கொசாக்குகள் மிக வலுவாகிவிடுவார்கள். மூவர் ஆட்டத்தில் இருவர் சமமாக இருப்பதுதான் மூன்றாமவருக்கு நல்லது. பேச்சு நடந்தது. போலந்து மறுபடியும் பரிசு அனுப்ப ஒப்புக்கொண்டது. க்மெல்னித்ஸ்கிக்கு 40,000 கொசாக்குகளைப் பதிவுப் படையாக வைத்துக்கொள்ளும் உரிமை கிடைத்தது. வெற்றியின் வாசலில் நின்ற அவர் கானின் முடிவுக்கு இணங்கத்தான் வேண்டியிருந்தது. தாத்தார் படை ஊர் திரும்பும் வழியில் கிராமத்து மக்களைப் பிடித்துச் சென்றது. அரசருக்கும் கானுக்கும் சமாதானம் வந்துவிட்டது. வழியோரக் கிராமத்துக்கு வரவில்லை.

ஐந்து ஆண்டுகளில் ஆட்டம் தலைகீழானது. 1654இல் கொசாக்குகள் மாஸ்கோவுடன் சேர்ந்ததும் கிரைமியா போலந்தின் பக்கம் வந்தது. 1656இல் வார்சாவை ஸ்வீடன் படையிடமிருந்து காக்க நடந்த போரில் சுமார் 2,000 தாத்தார் வீரர்கள் போலந்து அரசருக்காகப் போரிட்டார்கள்.

இருபத்தொரு ஆண்டுக் காத்திருப்பு

வானொலியில் செய்தியைக் கையில் எடுக்கும்போது நான் கவனமாகப் பார்க்கும் சொற்கள் சில உண்டு. போர் நிறுத்தம் வேறு, சமாதானம் வேறு. ஒன்று துப்பாக்கியைக் கீழே வைப்பது, இன்னொன்று காரணத்தைத் தீர்ப்பது. 1681 ஜனவரியில் பக்சிசராயில் கையெழுத்தானது முதல் வகை. மாஸ்கோ, கிரைமியா, ஒட்டோமான் மூவருக்கும் இடையே 20 ஆண்டுப் போர் நிறுத்தம். நீப்பர் ஆறு எல்லை. ஆற்றுக்கும் தெற்கு பூஃக் ஆற்றுக்கும் இடைப்பட்ட நிலத்தில் யாரும் குடியேறக் கூடாது. கானுக்குப் பரிசு தொடரும். மாஸ்கோ சார்பில் பேசியவர்கள் வசிலி தியாப்கினும், பின்னாளில் பெரும் பேரரசரான பீட்டரின் சிறுவயது ஆசிரியர் நிக்கித்தா ஸோட்டோவும்.

அந்தப் பேச்சுவார்த்தை நடந்த ஊருக்குப் பக்கத்து மலைக்கோட்டையில் ஒருவர் சிறையில் இருந்தார். வசிலி ஷெரெமெத்தெவ், மாஸ்கோவின் பெரும் பிரபு, படைத்தலைவர். 1660இல் சுத்னிவ் என்ற இடத்தில் போலந்து, தாத்தார் படைகளிடம் தோற்றுச் சரணடைந்தார். போலந்துத் தளபதிகள் அவரைத் தாத்தார்களிடம் ஒப்படைத்தார்கள். மாஸ்கோவிலிருந்து தூதர்கள் வந்தார்கள், போனார்கள். கான்கள் மாறினார்கள். ஷெரெமெத்தெவ் 21 ஆண்டுகள் சுஃபுத்-கலே கோட்டையில் காத்திருந்தார். பக்சிசராய் உடன்பாட்டுக்குப் பிறகுதான் வீடு திரும்பினார். 1682இல் இறந்துபோனார்.

நாட்டின் உச்சியில் இருந்த பிரபுவுக்கே 21 ஆண்டுகள் என்றால், 15 ரூபிள் உழவனின் மனைவி எத்தனை ஆண்டுகள் வாசலைப் பார்த்திருப்பாள்?

சொல் ஒன்றான பிறகு

1699இல் கார்லோவிட்ஸ் உடன்படிக்கையில் போலந்து இனி கானுக்குப் பரிசு அனுப்ப வேண்டாம் என்றானது. 1700 ஜூலையில் இஸ்தான்புல்லில் ரஷ்யாவும் அதையே பெற்றது. பீட்டரின் ரஷ்யா இப்போது வலுத்துவிட்டது. நினைவுப் பொருள் என்று பெயர் சூட்டிக்கொண்டு கொடுக்க வேண்டிய தேவை அதற்கு இல்லை. இரண்டு அர்த்தம் கொண்ட அந்தச் சொல் அதோடு முடிந்தது.

1774இல் ரஷ்யாவும் ஒட்டோமானும் குச்சுக் கய்னார்ஜாவில் செய்த உடன்படிக்கை கிரைமியாவை ஒரு சுதந்திர நாடு என்று அறிவித்தது. இதைவிடத் தெளிவான சொல் உண்டா? ஒன்பதே ஆண்டுகளில், 1783இல், இரண்டாம் கேத்தரின் பேரரசி கிரைமியாவை ரஷ்யாவோடு இணைத்துக்கொண்டார். 300 ஆண்டுகளுக்கும் மேலாக மங்கலான சொற்களுக்கு நடுவே பிழைத்திருந்த அரசு, தெளிவான ஒரு சொல் கிடைத்ததும் பத்தாண்டுகூடத் தாங்கவில்லை.

அதற்காக, மழுப்பலாகப் பேசுவதே ராஜதந்திரம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தச் சொல்லைத் தாங்கிப் பிடித்தது ஏறத்தாழச் சமமாக இருந்த பலம். பலம் ஒரு பக்கமாகச் சாய்ந்த பிறகு எந்தச் சொல்லும் கிரைமியாவைக் காப்பாற்றியிருக்காது. ஆனால் சமமாக இருந்த காலத்தில், இரு தரப்பும் தலை நிமிர்ந்து வீடு திரும்ப அந்தச் சொல் ஒரு கதவு வைத்துக் கொடுத்தது. தோற்றவன் என்று தன் ஊரில் பெயர் வாங்காமல் சமாதானத்துக்கு வர ஒருவருக்கு வழி வேண்டும். நம் வீட்டுச் சண்டைகளிலும் அதுதானே நடக்கிறது? யார் முதலில் போன் செய்தார்கள் என்பதைக் கிளறாமல் விட்ட குடும்பங்கள்தான் மறுபடி ஒரே பந்தியில் உட்காருகின்றன.

உலகின் ஏதோ ஒரு மூலையில் இரண்டு தலைவர்கள் கைகுலுக்கிய செய்தி இந்த வாரமும் வரலாம். அப்போது ஒன்றைக் கவனியுங்கள். பரிசா, கப்பமா, யாருக்கு வெற்றி என்ற வாதம் தொலைக்காட்சியில் ஓடட்டும். செய்தியின் கீழ்ப்பகுதியில் கைதிகள் பரிமாற்றம் என்று சின்னதாக ஒரு வரி இருக்கிறதா, அதில் எத்தனை பேர், எப்போது என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வலூய்கியில் எல்லைக்கு வந்து நின்ற குடும்பங்கள் தேடியிருக்கக்கூடியதும் அந்த ஒரு வரியைத்தான்.